தலைக்கணக்கு

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிஜமான பட்டறை அல்ல, கணக்குக்காக நான் கட்டியது. வேலைக்கு 12 பேர். பால்மில்லில் ஒருவர், அச்சில் மண்கரைசல் ஊற்ற நான்கு பேர், பிசிறு சீவ மூன்று பெண்கள், கிளேஸில் முக்கி எடுக்க இருவர், சூளைக்கு இருவர். ஃபியூஸ் கட்டையும் அகலும் ஆண்டு முழுக்க ஓடும். ஆடி கழிந்தால் கொலு பொம்மை. மின்சார இணைப்பு உண்டு.

இந்த 12 பேரையும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தென் கொரியாவின் இச்சோன் நகரத்தில் இறக்கினால், இங்கே அவர்களைத் தொடாத எந்தச் சட்டம் அங்கே தொடும்? இங்கே தொடுகிற எது அங்கே விட்டுவிடும்? கொஞ்ச காலமாக ஒரு நீளப் பேரேட்டில் இதை இரண்டு பத்தியாக எழுதிவருகிறேன். இடப்பக்கம் கொரியா, வலப்பக்கம் நாம்.

இச்சோனைப் பிடித்ததற்குக் காரணம் மண். சோல் நகரத்துக்குத் தென்கிழக்கே, யோஜு, குவாங்ஜு என்ற பக்கத்து ஊர்களோடு சேர்ந்து நூற்றாண்டுகளாகப் பீங்கான் சுடும் ஊர் அது. 2010-இல் கைவினைக்காக யுனெஸ்கோவின் படைப்பூக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. நமக்கு நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைக்கிறது, செராமிக் கல்லூரி இருக்கிறது, மணிமுத்தாறு இருக்கிறது. யுனெஸ்கோ இன்னும் வந்து சேரவில்லை.

கொரியச் சட்டத்தை விருத்தாசலத்துக்காரன் படிப்பானேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு தொலைவுக் கணக்கு. இங்கிருந்து சென்னைக்கு ரயிலில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அந்தத் தொலைவைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் சாம்சங். இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொரிய முதலாளியிடம் வேலைக்குப் போகும் பிள்ளைகள், அந்த முதலாளி தன் சொந்த ஊரில் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை. படிப்புச் செலவும் அதிகமில்லை. கொரியச் சட்டங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை அந்த நாட்டு அரசின் சட்ட ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

எந்த அலகில் ஒப்பிடுவது என்பதுதான் முதல் சிக்கல். 2026-இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,320 வொன். ரூபாய்க்குச் சுமார் 16 வொன் என்று வைத்தால் மணிக்கு 645 ரூபாய். இதைக் கேட்டதும் நம் ஆள் வாயைப் பிளப்பான். அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அதே தொகை ஆகும் என்றால் வாயை மூடிக்கொள்வான். ரூபாயில் ஒப்பிட்டால் இரண்டு நாட்டுச் சந்தை விலைதான் தெரியும், சட்டம் தெரியாது. ஆகவே பேரேட்டில் ரூபாயை ஒதுக்கிவிட்டு வேறு மூன்று அலகுகளை வைத்துக்கொண்டேன். சட்டம் எத்தனை தலைக்கு மேல் பேசத் தொடங்குகிறது என்பது ஒன்று. பணத்தை ஆளின் நாள்கூலியால் வகுத்து நாட்களாக்குவது இன்னொன்று. மூன்றாவது மில்லிகிராம், அது தூசிக்கு.

தலைக்கணக்கில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. தொழிலாளர் சட்டம் எதைத் திறந்தாலும் வாசலிலேயே ஒரு எண் நிற்கும். இத்தனை பேருக்கு மேல் இருந்தால் உள்ளே வா, குறைந்தால் போ. முதலில் நம் பக்கம், மின்சக்தி பயன்படுத்தும் தொழிற்சாலைக்கு:

1881 — 100 பேர்
1891 — 50
1922 — 20
1948 — 10
2020 — 20

வெள்ளைக்காரன் காலத்தில் 100-இல் தொடங்கிய எண், சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு 10-க்கு இறங்கியது. 67 ஆண்டுப் பயணம் அது. பிறகு 72 ஆண்டு அதே இடத்தில் நின்றுவிட்டு, பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் ஒரே தாவலில் 1922-க்குத் திரும்பிப் போயிருக்கிறது. மின்சக்தி இல்லாத இடத்துக்கு 20 என்றிருந்தது 40 ஆனது. பழைய தொழிலாளர் சட்டங்களைத் திரட்டிய இத்தகைய தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதிக்கும் இதே ஊஞ்சல்தான். 1976-இல் 300 பேர், 1982 திருத்தத்தில் 100, இப்போது மறுபடி 300.

எதிர்ப்பக்கம், கொரியா:

தொழில் விபத்துக் காப்பீடு: 1964-இல் 500 பேர், 2000-இல் 1
மருத்துவக் காப்பீடு: 1977-இல் 500 பேர், 1989-இல் நாட்டு மக்கள் அனைவரும்
குறைந்தபட்சக் கூலி: 1988-இல் 10 பேர் உள்ள உற்பத்தி நிறுவனம், 2000-இல் 1
வேலையிழப்புக் காப்பீடு: 1995-இல் 30 பேர், 1998-இல் 1
வாரம் 52 மணி உச்சவரம்பு: 2018-இல் 300, 2020-இல் 50, 2021-இல் 5

எல்லாமே இறங்குமுகம். ஒரு வரி கூட ஏறவில்லை. முதன்முதலாக இந்த வரிசையை எழுதி முடித்தபோது, எழுதுவதில்தான் எங்கோ தவறிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் சரிபார்த்தேன்.

கொரிய அரசுகள் தயாள குணம் கொண்டவை என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. 1964-இல் 500 என்று வைத்தது பார்க் சுங்-ஹீயின் ஆட்சி. பெரிய ஆலைகளையும் சுரங்கங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கினால் கஜானா தாங்கும் என்ற கணக்கு அது. எண் இறங்கிய ஆண்டுகளை ஊர்ச் செய்தியோடு சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். 1987 ஜூனில் மக்கள் எழுச்சி. அதைத் தொடர்ந்து ஜூலை முதல் செப்டம்பர் வரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழில் தகராறுகள். அடுத்த ஈராண்டுக்குள் மருத்துவக் காப்பீடு எல்லோருக்குமாகிவிட்டது. 1997 டிசம்பரில் பன்னாட்டு நிதியத்திடம் கடன்; ஆட்கள் வரிசையாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்; 1998 அக்டோபரில் வேலையிழப்புக் காப்பீடு ஒற்றை ஆள் கடைக்கும் வந்தது. சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பவனுக்கு எண்தான் தெரியும்.

ஆண்டுக்குப் பதில் நிமிடங்களாலும் ஒரு ஒப்பீடு செய்யலாம். 1996 டிசம்பர் 26 விடிகாலையில், எதிர்க்கட்சியினர் இல்லாத கொரிய நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மட்டும் கூடி, தொழிலாளர் சட்டத் திருத்தங்கள் உள்பட 11 மசோதாக்களை ஏழே நிமிடத்தில் நிறைவேற்றினார்கள். நாடு தழுவிய வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நடந்தது. 1997 மார்ச்சில் அந்தச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. நம் நான்கு தொகுப்புகளில் மூன்று, 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில் எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த அவைகளில் நிறைவேறின. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைத் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மே 1 அன்று அறிவித்தார். நம் பக்கத்தில் இப்படி விரைவாகத் திரும்பிய வரி அரிது. பத்து நாள்.

நம் 12 பேரிடம் வருவோம். இச்சோனில் அவர்கள் 5 என்ற எண்ணைத் தாண்டியவர்கள். தொழிலாளர் நியமச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். வாரம் 40 மணி வேலை, மிகைநேரம் 12 மணிக்கு மேல் கூடாது. காரணம் காட்டாமல் நீக்க முடியாது. ஆண்டு விடுப்பு உண்டு. ஓராண்டு முடித்தால் ஆண்டுக்கு 30 நாள் கூலி பணிக்கொடை. 10 பேரைத் தாண்டியதால் பட்டறைக்கு எழுத்து வடிவில் பணிவிதிகள் இருந்தாக வேண்டும். இதற்கு இணையான நிலையாணைகள் நம் நாட்டில் 1946 முதல் 100 பேருக்கு மேல், இப்போது 300. பன்னிரண்டு பேர் பட்டறைக்கு அங்கே எழுதி ஒட்ட வேண்டிய காகிதத்தை இங்கே 299 பேர் ஆலையிலும் கேட்க முடியாது.

விருத்தாசலத்தில் 12 பேருக்கு என்ன கிடைக்கும்? இஎஸ்ஐ உண்டு, எண் 10. பணிக்கொடை உண்டு, அதற்கும் 10. ஆண்டுக்கு 15 நாள் கூலி, நிரந்தர ஆளாக ஐந்தாண்டு முடித்திருந்தால். வருங்கால வைப்புநிதி கிடையாது, எண் 20. 'தொழிற்சாலை' என்ற பெயரும் பறிபோய்விட்டது, அதற்கும் இப்போது 20. பாதுகாப்புத் தொகுப்பு 'நிறுவனம்' என்ற வகையில் 10 பேர் இடங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது, பொதுவான கடமைகளைச் சுமத்துகிறது. ஆனால் பட்டறைக்காரர் காதில் 'தொழிற்சாலை' என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் 'நிறுவனம்' என்பதற்கு இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்: தொகுப்பில் சில எண்கள் இறங்கவும் செய்தன. உணவகம் 250-இலிருந்து 100, நல அலுவலர் 500-இலிருந்து 250. நம் பட்டறைக்கு இரண்டும் எட்டாத உயரம்.

வலப்பக்கம் ஓங்கும் வரிகளும் உண்டு. மிகைநேரத்துக்கு நம் சட்டம் இரட்டைக் கூலி, கொரியா ஒன்றரை. தாளில் நாம்தான் முன்னால். விபத்தில் இறந்தால், தொகுப்பு வரும்வரை இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு இது: மாதக் கூலியில் பாதி, அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஆளென்றால் 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். நாள்கூலி 500 என்று வகுத்தால் 2,762 நாள். கொரியாவில் குடும்பத்துக்கு மொத்தமாகத் தரும் தொகை 1,300 நாள் கூலி. நம் 1923 சட்டத்தின் தொழில் பட்டியல், மின்சக்தியால் உற்பத்தி நடக்கும் இடத்தில் தலையையும் எண்ணவில்லை.

வாயைப் பிளக்கும் முன் அடுத்த மூன்று வரிகளையும் படிக்க வேண்டும். நம் கணக்கில் கூலி 15,000-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 15,000 என்றே எடுப்பார்கள். ஆகவே 20,000 வாங்கியவருக்கு அதே தொகை 2,072 நாளாகச் சுருங்கும். கொரியாவில் மொத்தத் தொகை விதிவிலக்கு; வாரிசு இருந்தால் ஆண்டுக் கூலியில் 52 முதல் 67 விழுக்காடு வரை மாதாமாதம் ஓய்வூதியம். 52 என்றே வைத்தாலும் 20 ஆண்டில் 3,796 நாள் கூலி. மூன்றாவது வரி இறுதிச் சடங்குக்கு. அங்கே 120 நாள் கூலி. நம் 1923 சட்டத்தில் 5,000 ரூபாய் என்றிருந்தது. 500 ரூபாய் கூலிக்காரருக்குப் பத்து நாள். பதினாறாம் நாள் காரியம் வரை கூடத் தாங்காது.

எண்ணுக்குள் அடங்காத வித்தியாசம் ஒன்று. இஎஸ்ஐ வளையத்துக்கு வெளியே உள்ள ஆளுக்கு நம் 1923 சட்டம் தந்தது முதலாளி மீது கேட்கும் உரிமையை. ஆணையர் முன் மனு, வக்கீல், வாய்தா. கொரியாவில் தொகையைத் தருவது காப்பீட்டு நிதி. முதலாளி ஒரு வொன் கூடப் பிரீமியம் கட்டாதவராக இருந்தாலும் தொழிலாளிக்குப் பணம் வரும். முதலாளியிடம் வசூலிப்பது நிதியின் பாடு. ஒருத்தி பிணத்தோடு நிற்கும்போது யாரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது என்பதற்கு என் பேரேட்டில் பத்தி போடத் தெரியவில்லை.

இனி மில்லிகிராம். பீங்கான் மண்ணுக்குப் பாடப்புத்தக விகிதம் களிமண் 50, ஃபெல்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 25. இந்தக் கால்பங்கு குவார்ட்ஸ்தான் நுரையீரலுக்கு எமன். பிசிறு சீவும் பெண்ணின் முந்தானையில் படிவது கண்ணுக்குத் தெரியும் தூசி. மூச்சுக்குழாயைத் தாண்டி உள்ளே இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. கொரியாவின் வரம்பு எளியது: ஒரு கனமீட்டர் காற்றில் உள்ளிறங்கும் குவார்ட்ஸ் 0.05 மில்லிகிராம். நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரு வாய்ப்பாடு தந்தது. 10-ஐ, குவார்ட்ஸ் விழுக்காட்டோடு 2 கூட்டி வகுக்க வேண்டும். தூசியிலும் அதே 25 விழுக்காடு என்று வைத்தால் 10 வகுத்தல் 27, அதாவது 0.37 மில்லிகிராம் தூசி. அதில் கால்பங்கு 0.093. இச்சோன் தொழிலாளி இழுக்கலாம் என்று சட்டம் விட்டதைப் போல ஏறக்குறைய இரு மடங்கை நம் ஆள் இழுக்கலாம் என்றது அந்த வாய்ப்பாடு.

இதுவும் அளந்து பார்த்தால். பன்னிரண்டு பேர் பட்டறையில் காற்றை அளக்க யார் வருவார்கள்? சிலிக்கோசிஸ் நோயைக் கண்டும் அறிவிக்காத மருத்துவருக்கு அதே சட்டம் வைத்த அபராத உச்சம் 1,000 ரூபாய். காசநோய் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை.

தூசியைப் பற்றி எழுதும்போது ஜியோன் தே-இல் என்பவரை விட்டுவிட்டுப் போக முடியாது. சோல் நகரத்து அமைதிச் சந்தையில் துணி வெட்டும் தொழிலாளி. புள்ளிவிவரக்காரர்களுக்கு அவர் ஒருவகையில் முன்னோடி. 1970-இல் சக தொழிலாளரிடம் கேள்வித்தாள் கொடுத்துத் தானே கணக்கெடுத்தார். விடை எழுதியவர்கள் 126 பேர். அவர்களில் 96 பேருக்குக் காசமோ மூச்சுக்குழல் நோயோ இருந்தது. ஒரு நாள் வேலை 14 மணி நேரம், மாதத்தில் ஓய்வு இரண்டே நாள். 10 அல்லது 12 மணியாகக் குறையுங்கள், ஞாயிறுதோறும் ஓய்வு கொடுங்கள் என்று குடியரசுத் தலைவருக்கு மனு எழுதினார். வேடிக்கை என்னவென்றால் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற சட்டம் 1953-லிருந்தே அங்கே இருந்தது. சட்டம் கொடுத்ததைவிடக் குறைவாகக் கேட்டுத்தான் அவர் மனுவே போட்டார். சட்டப் புத்தகத்தில் சீன எழுத்துகள் நிறைந்து கிடந்ததால் படிக்கத் திணறியவர், கல்லூரியில் படிக்கும் நண்பன் ஒருவன் எனக்கு இருந்திருந்தால் என்று ஏங்கினார். 1970 நவம்பர் 13 அன்று அந்தச் சட்டப் புத்தகத்தோடு தன்னையும் தீக்கு இரையாக்கிக்கொண்டார். வயது 22.

எண்களாகப் பார்த்தால் அவருக்குப் பிறகு 48 மணி 1989-இல் 44 ஆனது, 2004 முதல் படிப்படியாக 40. நம் 48 மணி 1948-இல் எழுதியது, தொகுப்பிலும் 48தான். எழுத்துச் சிக்கலும் நமக்குத் தெரியாததல்ல. மத்தியச் சட்டங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பிறக்கின்றன. தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சட்டச் சுருக்கத்தை வாசலில் ஒட்ட வேண்டும் என்று 1948 சட்டத்தில் 108-ஆம் பிரிவு இருந்தது. பட்டறை வாசல்களில் திருஷ்டிப் பூசணிக்காயைப் பார்த்த அளவுக்கு அந்தச் சுருக்கத்தை நான் பார்த்ததில்லை.

சாவுக்குச் சட்டம் வைக்கும் விலையில்தான் இச்சோன் திரும்பவும் வருகிறது. 2008 ஜனவரி 7 அன்று அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீ. 40 பேர் இறந்தார்கள். நிறுவனத்துக்கு விழுந்த அபராதம் 2 கோடி வொன். ஆளுக்கு 5 லட்சம் வொன். அன்றைய மாற்று விகிதத்தில் இருபதாயிரம் ரூபாய்ச் சொச்சம். பன்னிரண்டு ஆண்டு கழித்து 2020 ஏப்ரல் 29 அன்று அதே இச்சோனில், கட்டிக்கொண்டிருந்த இன்னொரு கிடங்கில் தீ. இந்தமுறை 38 பேர். இதற்கு முன் 2018 டிசம்பரில் தேயான் அனல்மின் நிலையத்தில் கிம் யோங்-கியுன் என்ற 24 வயது ஒப்பந்தத் தொழிலாளி கன்வேயரில் சிக்கி இறந்திருந்தார். அவருடைய தாய் தெருவுக்கு வந்து போராடினார். இவை எல்லாம் சேர்ந்து 2021 ஜனவரியில் கடும் விபத்துத் தண்டனைச் சட்டமாயின. பாதுகாப்புக் கடமையைச் செய்யாததால் சாவு நேர்ந்தால் நிறுவனத் தலைவருக்கே குறைந்தது ஓராண்டுச் சிறை அல்லது 100 கோடி வொன் வரை அபராதம். நிறுவனத்துக்கு 500 கோடி வொன் வரை. 2022 ஜனவரி 27 முதல் 50 பேர் இடங்களுக்கு. சரியாக ஈராண்டு கழித்து 5 பேர் இடங்களுக்கும்.

அதே 2020-இல் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை ஊர்க்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இச்சோன் தீக்கு எட்டாம் நாள், மே 7, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொன்று. அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள், சிகிச்சையில் இருந்தவர்களில் பலர் பின்னர் இறந்தார்கள். இரண்டு நாட்டிலும் பேரிழப்பு, இரண்டு நாட்டிலும் விசாரணை, இரண்டு நாட்டிலும் சில மாதங்களில் புதுச் சட்டம். அங்கே வந்தது தண்டனைச் சட்டம். இங்கே செப்டம்பரில் வந்தது, தொழிற்சாலை என்ற சொல்லின் வாசலை 10-இலிருந்து 20-க்கு உயர்த்திய தொகுப்பு.

நம் தொகுப்பிலும் தண்டனை கூடத்தான் செய்திருக்கிறது. 1948 சட்டத்தில் சாவுக்குக் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய். இச்சோனின் 2008 விலைக்கு அது எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். இப்போது குறைந்தது 5 லட்சம், அதில் பாதியை நீதிமன்றம் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லலாம். சிறை ஈராண்டு வரை. 'வரை' என்ற சொல்லில்தான் சூட்சுமம். கொரியச் சட்டத்தின் ஓராண்டு தரை. அதற்குக் கீழே சிறைத் தண்டனை இறங்காது. நம் ஈராண்டு கூரை. அதற்கு மேலே ஏறாது. 2024 ஜூன் 24 அன்று ஹ்வாசோங் நகரில் அரிசெல் பேட்டரி ஆலைத் தீயில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் வெளிநாட்டுத் தொழிலாளிகள். 2025 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் அந்நிறுவனத் தலைவருக்கு விதித்தது 15 ஆண்டு.

கொரியர்களின் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஓட்டையின் அளவு 4. நம் பட்டறையில் எட்டு பேரை எடுத்துவிட்டு நால்வரை மட்டும் வைத்தால், இச்சோனிலும் பெரிய கதவுகள் சாத்திக்கொள்ளும். காரணமில்லாமல் நீக்கலாம், மிகைநேரத்துக்குக் கூடுதல் இல்லை, 52 மணி வரம்பு இல்லை, ஆண்டு விடுப்பு இல்லை, கடும் விபத்துத் தண்டனைச் சட்டமும் எட்டிப் பார்க்காது. குறைந்தபட்சக் கூலி, பணிக்கொடை, விபத்துக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு போன்றவை நிற்கும். இந்த ஐந்து சரியா என்று கேட்டபோது, சிறு கடைக்காரரின் சுமையையும் அரசின் மேற்பார்வைத் திறனையும் காட்டி அரசமைப்பு நீதிமன்றம் 1999-இல் செல்லும் என்றது. ஆகவே ஒரே பட்டறையைத் தாளில் மூன்றாகப் பிரித்து ஆளுக்கு நான்கு பேர் என்று காட்டும் தந்திரம் அங்கே நன்றாகவே நடக்கிறது. 'போலி ஐந்துக்குக் கீழ்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மனைவி பேரில் ஒரு பட்டறை, மச்சான் பேரில் ஒரு பட்டறை என்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

சங்கம் வைப்பதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. கொரியாவில் சங்க அறிவிப்பைக் கொடுத்தால் மூன்று நாளுக்குள் சான்று தர வேண்டும் என்பது சட்டம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம். முதன்மைக் கோரிக்கை, சங்கத்தை ஏற்றுக்கொள் என்பது. பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. ஆறு வாரத்தில் முடிவெடுக்கும்படி டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பதிவாளருக்குச் சொன்னது. சங்கம் 2025 ஜனவரி 27 அன்று பதிவாயிற்று. வேலைநிறுத்தம் முடிந்த நாளிலிருந்து மட்டும் எண்ணினால் 104 நாள். அதே நிறுவனத்தின் தலைவர் லீ ஜே-யோங், இனிச் சங்கமில்லா நிர்வாகம் என்ற பேச்சே இருக்காது என்று சோல் நகரில் தலைகுனிந்து அறிவித்தது 2020 மே 6.

இந்தப் பத்தியில் நமக்கும் பெருமைப்பட ஒரு வரி இருக்கிறது, அதுவும் சென்னை வரி. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து, சங்கத் தலைவர்கள் மீது தடையாணையும் 7,000 பவுண்டு இழப்பீடும் வாங்கியது. அந்த அதிர்ச்சிதான் என்.எம். ஜோஷியின் முயற்சிகள் வழியாக 1926 தொழிற்சங்கச் சட்டமானது; பதிவான சங்கத்தின் போராட்டத்துக்கு எதிராக இப்படி இழப்பீட்டு வழக்குப் போட முடியாத பாதுகாப்பை அதன் 18-ஆம் பிரிவு தந்தது. கொரியாவில் இதே பூதம் 2013-இலும் உயிரோடிருந்தது. சாங்யோங் கார் ஆலையில் 2009-இல் 77 நாள் போராடியவர்கள் 470 கோடி வொன் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது அந்த ஆலையின் சொந்தக்காரர் யார் தெரியுமா? 2011-இல் அதை வாங்கிய நம் மகிந்திரா. ஒரு வாசகி பத்திரிகை அலுவலகத்துக்கு 47,000 வொன் அனுப்பி, இப்படி ஒரு லட்சம் பேர் கொடுத்தால் 470 கோடி கட்டிவிடலாம் என்று எழுதினார். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். கொரியாவில் முன்பெல்லாம் சம்பளம் மஞ்சள் உறையில் வரும். அதனால் பணம் மஞ்சள் உறைகளில் குவிந்தது. 'மஞ்சள் உறைச் சட்டம்' என்று பேர்பெற்று, இழப்பீட்டு வழக்குகளுக்குக் கடிவாளம் போடும் திருத்தம் 2025 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. சென்னை வழக்கின் பாடம் 1926-இல் நம் சட்டத்தில் ஏறிவிட்டது. அவர்களுக்கு இன்னும் 99 ஆண்டு ஆயிற்று.

பேரேட்டை மூடும் முன் கடைசியாக ஒரு எண்ணைத் தேடினேன். கொரியப் பத்தியில் அடிக்கடி வரும் 1 நம் பத்தியில் எங்காவது உண்டா? உண்டு. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கை செய்தால், அங்கே ஒரே ஒரு ஆள் வேலை பார்த்தாலும் சட்டம் பாயும், இஎஸ்ஐயும் அப்படியே. எவையெவை ஆபத்தான தொழில் என்பதற்கு 1948 சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருந்தது. போபால் நச்சுவாயுவுக்குப் பிறகு, 1987 திருத்தத்தில் சேர்த்த முதல் அட்டவணை, மொத்தம் 29 இனங்கள். அதில் 22-ஆவது இனம் கண்ணாடியும் செராமிக்கும்.

ஆகவே நம் பட்டறையில் 12 பேர் என்பதும், அது 20-ஐத் தொடவில்லை என்பதும் முடிந்துபோன கணக்கல்ல. புதிய தொகுப்பின் கீழ் வரும் ஒவ்வொரு அறிவிக்கையிலும் அந்த 22-ஆவது வரி இருக்கிறதா, இருந்தால் எத்தனை ஆளுக்கு மேல் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை அரசிதழில் விரல் வைத்துத் தேடிப் பார்க்க வேண்டும். பால்மில்காரருக்கும் பிசிறு சீவும் மூன்று பெண்களுக்கும் அதைப் படித்துச் சொல்ல, ஜியோன் தே-இல் ஏங்கிய மாதிரி, கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் போதும். செராமிக் கல்லூரியிலேயே இருக்கிறார்கள்.